‘டேஸ்ட்ஸ் வெல்’ என்று எழுதி மாட்டிக்கொண்டேன்: ஆங்கிலப் பெயரடை நமக்கு ஏன் இப்படி வழுக்குகிறது?

தேயிலைக் கணக்கன் எழுதியது:

கொழும்பில் ஒரு தேயிலை ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்குப் பகுதியில் இருக்கிறேன். ஆள் குறைந்த நாட்களில் வெளிநாட்டு வாங்குநர்களுக்கு மின்னஞ்சல் எழுதும் வேலையும் என் தலையில் விழும். போன கிழமை ஒரு மாதிரிப் பொதியை அனுப்பிவிட்டு, கூடவே ‘திஸ் டீ டேஸ்ட்ஸ் வெல் அண்ட் ஸ்மெல்ஸ் நைஸ்லி’ என்று ஒரு வரி போட்டேன். ‘நைஸ்’ என்று மொட்டையாக விடாமல் ‘நைஸ்லி’ என்று இலக்கண சுத்தமாக எழுதியதில் உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை வேறு.

மறுநாள் பதில் வந்தது. உங்கள் தேயிலைக்கு நாக்கும் மூக்கும் நன்றாக வேலை செய்வது அறிந்து மகிழ்ச்சி, எங்களுக்கு அதைக் குடிக்க முடிந்தால் போதும் என்கிற தோரணையில். மனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு விளங்கவில்லை. ருசி பார்க்கும் அண்ணா வாயில் இருந்த தேநீரைத் துப்பிவிட்டு (அவருடைய வேலையே அதுதான்), ‘தம்பி, டேஸ்ட்ஸ் குட் எண்டு எழுது. டேஸ்ட்ஸ் வெல் எண்டா தேத்தண்ணியே இருந்து ருசி பார்க்குது எண்டு அர்த்தம்’ என்றார்.

சரி, திருத்திவிட்டேன். ஆனால் ஏன் என்பது இன்னும் தொண்டையில் நிற்கிறது. நாம் ‘நல்லா மணக்குது’ என்கிறோம். ‘மணக்குது’ வினை. அதற்கு முன்னால் நிற்பது வினையடை. வினையடை என்றால் ஆங்கிலத்தில் ‘லி’ போட வேண்டும். தரம் ஆறில் இருந்து இதைத்தானே படித்தோம்? எங்கே பிழைத்தது?

கொட்டாஞ்சேனையான் எழுதியது:

அந்த ‘லி’ என்னையும் ஒருமுறை கவிழ்த்தது. நேர்முகத் தேர்வில் ‘ஐ ஆல்வேஸ் வொர்க் ஹார்ட்லி’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். கேட்டவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. ‘உண்மையைச் சொன்னதற்கு நன்றி’ என்றார். வெளியே வந்து கூட்டாளியிடம் கேட்டபோதுதான் தெரிந்தது, ‘ஹார்ட்லி’ என்றால் ‘இல்லை என்றே சொல்லலாம்’ என்று. எப்போதும் வேலை செய்யாதவன் என்று நானே வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். ‘ஹார்ட்’ என்பதே வினையடையும்தானாம், லி வேண்டாமாம். இதை யாராவது முன்னமே சொல்லியிருக்கலாம்.

டியூஷன் அக்கா எழுதியது:

வெள்ளவத்தையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கும், ஐஈஎல்டிஎஸ் எழுதப் போகிற பெரியவர்களுக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து 19 வருடம் ஆகிறது. இந்தப் பிழை வராத வகுப்பை நான் கண்டதில்லை. கணக்கன் தம்பி கேட்ட கேள்வி நல்ல கேள்வி, ஆனால் பதில் ஆங்கிலத்தில் இல்லை, தமிழில் இருக்கிறது.

இந்த இரண்டையும் பாருங்கள்.
அவள் அழகாக இருக்கிறாள்.
அவள் அழகாக ஆடுகிறாள்.

இரண்டிலும் ‘அழகாக’ ஒன்றுதான். ஆனால் முதலாவதில் அழகு அவளுடையது. இரண்டாவதில் அழகு ஆட்டத்தினுடையது. ஆடுகிறவள் அழகியா இல்லையா என்பதை அந்த வசனம் சொல்லவே இல்லை. தமிழ் இந்த இரண்டையும் ஒரே ‘ஆக’வில் கட்டிவிடும். பேச்சில் அது வெறும் ‘ஆ’ ஆகிவிடும்: அழகா, நல்லா, சூடா. ஆங்கிலம் கட்டாது. அவளைப் பற்றியது என்றால் ‘ஷீ லுக்ஸ் பியூட்டிஃபுல்’, ஆட்டத்தைப் பற்றியது என்றால் ‘ஷீ டான்ஸஸ் பியூட்டிஃபுலி’. நமக்கு ஒரு வாசல் இருக்கிற இடத்தில் அவர்களுக்கு இரண்டு வாசல். நாம் பழக்கத்தில் ‘லி’ வாசலால் போய் முட்டிக்கொள்கிறோம்.

வகுப்பில் நான் சொல்லும் சோதனை இது. வினையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘இருக்கு’ போட்டுப் பாருங்கள். ‘தேத்தண்ணி நல்லா மணக்குது’, ‘தேத்தண்ணி நல்லா இருக்கு’. அர்த்தம் பெரிதாக மாறவில்லையா? அப்போது லி வேண்டாம், ‘ஸ்மெல்ஸ் நைஸ்’. ‘அவர் வடிவா எழுதுறார்’, ‘அவர் வடிவா இருக்கிறார்’. கதையே மாறிவிட்டதா? அப்போது வினையடை வேண்டும்.

லுக், சவுண்ட், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல். இந்த ஐந்தும்தான் முக்கியமான ஆட்கள். இவற்றுக்கு இரட்டை வேடம் உண்டு. ‘ஹீ லுக்ட் ஆங்ரி’ என்றால் அவர் முகத்தில் கோபம். ‘ஹீ லுக்ட் ஆங்ரிலி அட் மீ’ என்றால் அவர் என்னை முறைத்தார். ‘ஹீ ஸ்மெல்ஸ் பேட்’ என்றால் அவர் குளிக்க வேண்டும். ‘ஹீ ஸ்மெல்ஸ் பேட்லி’ என்றால் அவர் மூக்கு வைத்தியரிடம் போக வேண்டும்.

தேயிலைக் கணக்கன் எழுதியது:

அக்கா, ‘இருக்கு’ சோதனையை இப்போதுதான் என் பழைய மின்னஞ்சல்களில் போட்டுப் பார்த்தேன். ‘வீ ஃபீல் பேட்லி அபவுட் த டிலே’ என்று மூன்று பேருக்கு எழுதியிருக்கிறேன். எங்களுக்குத் தொடுகை உணர்ச்சி சரியில்லை என்று நினைத்திருப்பார்களோ?

டியூஷன் அக்கா எழுதியது:

அது அவ்வளவு மோசமில்லை. ‘ஃபீல் பேட்லி’ என்று அமெரிக்கர்களே நிறையப் பேர் சொல்கிறார்கள். தேர்வில் மட்டும் எழுத வேண்டாம்.

பம்பலப்பிட்டி ஃபிளாட் எழுதியது:

‘டேஸ்ட்ஸ் வெல்’ பிழை. ஆனால் ‘கெட் வெல் சூன்’ என்று எல்லா வாழ்த்து அட்டையிலும் இருக்கிறதே? ‘ஐ ஆம் வெல்’ என்றும் சொல்கிறோம்.

டியூஷன் அக்கா எழுதியது:

‘வெல்’ என்பதற்குச் சுகம் என்றொரு அர்த்தம் உண்டு, அப்போது அது பெயரடை. அதனால்தான் ‘யூ லுக் குட்’ என்றால் உடுப்பு எடுப்பாக இருக்கிறது, ‘யூ லுக் வெல்’ என்றால் உடம்பு தேறியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவரிடம் இரண்டாவதைச் சொல்லுங்கள். நம்முடைய ‘நல்லா இருக்கிறீங்களா’ இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டுவிடும்.

வடலி எழுதியது:

டீச்சர் சொன்னதற்கு ஒரு வேர் இருக்கிறது. ‘அழகான’, ‘அழகாக’ இரண்டையும் பிரித்துப் பாருங்கள். அழகு + ஆன, அழகு + ஆக. இரண்டுமே ‘ஆதல்’ என்ற வினையில் பிறந்தவை. அதாவது நம்முடைய பெயரடைகளில் பெரும்பகுதி கடையில் வாங்கிய பெயரடை இல்லை, ஒரு பெயரோடு ‘ஆகு’ சேர்த்து வீட்டில் செய்தவை. நல்ல, பெரிய, சின்ன, புதிய போன்ற சில சொற்கள்தான் அப்படிச் செய்யாமலே பெயரடையாக நிற்பவை. அவையும் தனியே பயனிலையாக வந்து உட்கார மாட்டா. ‘சோறு நல்ல’ என்று ஒருவரும் வசனத்தை முடிப்பதில்லை. ‘நல்லது’ என்று ஒரு வால் வேண்டும், அல்லது ‘நல்லாயிருக்கு’ என்று ‘இரு’ வந்து தாங்க வேண்டும். தொல்காப்பியர் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என்று நான்காக வகுத்தார். அதிலே ஆங்கிலேயரின் பெயரடைக்கு என்று ஒரு தனி அறை இல்லை. இல்லாத அறையில் சாமானைத் தேடினால் கால் இடறத்தான் செய்யும்.

மருதானைப் பக்கம் எழுதியது:

சிங்களத்தில் இது பிரிந்து இருக்கிறது, கவனித்தீர்களா? சாப்பாடு நல்லம் என்றால் ‘கேம ஹொந்தய்’. நன்றாகச் சமைக்கிறாள் என்றால் ‘ஹொந்தட்ட உயனவா’. ‘ய்’ வேறு, ‘ட்ட’ வேறு. அதனால்தான் என் அலுவலகத்தில் சிங்கள நண்பர்கள் ‘டேஸ்ட்ஸ் குட்’ என்று யோசிக்காமலே சொல்கிறார்கள் போலும்.

கொட்டாஞ்சேனையான் எழுதியது:

‘கேம ஹொந்தட்ட தியெனவா’ என்றும் சொல்வார்களே? என் கீழ் வீட்டு அம்மா தினமும் அதைத்தான் சொல்கிறார். அங்கே ‘ட்ட’ வந்துவிட்டது.

மருதானைப் பக்கம் எழுதியது:

ஓம், அதுவும் சரிதான். அப்போது என் சித்தாந்தம் பாதி உடைந்தது. கீழ் வீட்டு அம்மாவுக்கு வணக்கம்.

ஹட்டன் பிள்ளை எழுதியது:

நான் மலைநாட்டிலிருந்து வந்து புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் வேலை செய்கிறேன். எனக்கு ஒரு சந்தேகம். ‘சூடா குடி’ என்பதை எப்படிச் சொல்வது? ‘ட்ரிங்க் ஹாட்லி’ என்று சொன்னால் சிரிக்கிறார்கள். ‘வேகமா குடி’ என்றால் ‘ட்ரிங்க் குவிக்லி’ என்று லி போடலாம் என்கிறார்கள். இரண்டும் ‘ஆ’தான், இரண்டும் குடிக்கிற வேலைதான்.

டியூஷன் அக்கா எழுதியது:

இந்தக் கேள்விக்கு ஒரு பிளேன்டீ வாங்கித் தர வேண்டும், பிள்ளை.

சூடு எதனுடையது? தேத்தண்ணியினுடையது. வேகம் எதனுடையது? குடிக்கிறதினுடையது. அவ்வளவுதான். ‘ட்ரிங்க் இட் ஹாட்’ என்றால், அது சூடாக இருக்கும்போதே குடி. இங்கேயும் ‘இருக்கு’ சோதனை வேலை செய்யும், ஆனால் இம்முறை குடிக்கிறவர்மேல் இல்லை, குடிக்கப்படுகிற பொருள்மேல் போட வேண்டும். ‘தேத்தண்ணி சூடா இருக்கு.’ சரி வருகிறது, ஆகவே லி இல்லை. ‘மீனைப் பச்சையாச் சாப்பிடுறாங்க’ என்றால் ‘ஈட் ஃபிஷ் ரா’. பச்சை மீனுடையது.

குடிக்கிறவர்மேல் போடுவதும் உண்டு. ‘ஹீ கேம் ஹோம் ட்ரங்க்.’ வெறியில் இருந்தது அவர்.

மூன்றாவதாக ஒரு வகை: வேலை முடிந்த பிறகு வரும் நிலை. ‘சுவருக்கு வெள்ளையா அடி’, ‘பெயின்ட் த வோல் வைட்’. அடிக்கும் முன் சுவர் வெள்ளை இல்லை, அடித்த பின்தான். கதவைத் தள்ளித் திறந்தால் ‘புஷ் த டோர் ஓபன்’. நாம் இரண்டு வினை போட்டு (தள்ளி, திறந்து) சொல்வதை அவர்கள் ஒரு வினையும் ஒரு பெயரடையும் போட்டு முடிக்கிறார்கள்.

உங்களுக்கு மிக நெருக்கமான உதாரணம் தேத்தண்ணிக் கடையில்தான் இருக்கிறது. ‘அண்ணே, சாயத்தைக் கூட்டிப் போடுங்க’ என்றால் ‘மேக் இட் ஸ்ட்ராங்’. ‘மேக் ஸ்ட்ராங்லி’ என்றால் கைப்பலத்தோடு போடச் சொல்வது போல இருக்கும்.

தேயிலைக் கணக்கன் எழுதியது:

சாயம் என்றதும் என் தொழில் வந்துவிட்டது. 1883-ல் தொடங்கிய கொழும்பு ஏலம் இன்றும் நடக்கிறது, அதில் ருசி பார்ப்பவர்கள் பேசுவது முழுக்கப் பெயரடைதான். ‘பிரைட்’, ‘பிரிஸ்க்’, ‘டல்’, ‘ஃபிளாட்’, ‘மெலோ’. ஒருவர் கறண்டியில் உறிஞ்சிவிட்டு ஒரே ஒரு சொல்லை விடுவார், பக்கத்திலிருப்பவர் குறித்துக்கொள்வார். அந்த ஒரு சொல்லில் விலை ஏறும் இறங்கும். இப்போது யோசித்தால், ஒரு நாளும் அவர்கள் வாயில் ‘லி’ வந்து நான் கேட்டதில்லை. ‘இட்ஸ் கோன் ஃபிளாட்’ என்பார்கள், ஈரம் பட்டோ நாள்பட்டோ துடிப்புப் போன தேயிலையை.

அந்த ‘கோன்’ ஏன்? தேயிலை எங்கே போகிறது? ‘பிகேம் ஃபிளாட்’ என்று நான் எழுதினால் அண்ணா வெட்டிவிட்டு ‘கோன்’ போடுகிறார்.

வெள்ளவத்தைத் தாத்தா எழுதியது:

இதற்கு நான் வருகிறேன். ஓய்வு பெற்ற வங்கிக்காரன், காலை நடைக்குப் பிறகு வேறு வேலை இல்லை.

தமிழில் பால் எங்கே போகிறது? கெட்டுப் போகிறது. சாமான் பழுதாய்ப் போகிறது. திறப்பு காணாமல் போகிறது. கணக்கு பிழைத்துப் போகிறது. ஆள் பைத்தியமாய்ப் போகிறான், தலை மொட்டையாய்ப் போகிறது, வியாபாரம் வங்குரோத்தாய்ப் போகிறது. இப்போது ஆங்கிலத்தை வரிசையாக வையுங்கள்: கோ பேட், கோ மிஸ்ஸிங், கோ ரோங், கோ மேட், கோ போல்ட், கோ பேங்க்ரப்ட். நான் வேலையில் இருந்த காலம் முழுக்கக் கடிதங்களில் ‘பிகேம் பேங்க்ரப்ட்’ என்று எழுதினேன். பிழை இல்லை, ஆனால் உயிரும் இல்லை. நம் வாயில் ‘போ’ தானாக வருகிற இடத்தில் அவர்கள் வாயில் ‘கோ’ வருகிறது என்று கண்டுபிடித்தது ஓய்வுக்குப் பிறகு. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அறிவித்த கிழமை, செய்தி கேட்டுக்கொண்டிருந்தபோது மூளையில் பட்டது. நாடு ‘வங்குரோத்தாய்ப் போச்சு’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், டீவியில் ‘கோன் பேங்க்ரப்ட்’ என்றார்கள். இரண்டு மொழியும் ஒரே வழியால் போகின்றன.

நல்லது நடந்தால்? ‘சரி வரும்’ என்கிறோம். அவர்களுக்கும் ‘கம் ரைட்’, ‘கம் ட்ரூ’. கெட்டது போகும், நல்லது வரும்.

பம்பலப்பிட்டி ஃபிளாட் எழுதியது:

தாத்தா, அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ‘கோ வைரல்’, ‘கோ லைவ்’? அவை கெட்டதா? ‘த பட்டன் கேம் லூஸ்’ என்கிறார்கள், பொத்தான் கழன்றது நல்லதா? நாம் அதற்குக் ‘கழன்று போச்சு’ என்றுதான் சொல்கிறோம்.

வெள்ளவத்தைத் தாத்தா எழுதியது:

பொத்தானில் என்னைப் பிடித்துவிட்டீர்கள். ஒப்புக்கொள்கிறேன், ‘கம் லூஸ்’, ‘கம் அன்டன்’ இரண்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. கோ வைரல், கோ லைவ், கோ கிரீன் எல்லாம் வழக்கமான நிலையை விட்டு இன்னொரு பக்கம் தாவுவது. வழக்கத்தை விட்டு விலகுவது என்று வைத்தால் எல்லாம் அடங்கும்: பால் வழக்கமாக நல்லது, விலகினால் கெட்டது.

இன்னொரு வேடிக்கை. ‘கோ அன்நோட்டிஸ்ட்’, ‘கோ ஹங்ரி’. இங்கே மாற்றம் ஒன்றுமே இல்லை, அப்படியே கழிந்துவிட்டது என்று அர்த்தம். நாமும் ‘ஒருவரும் கவனிக்காமலே போச்சு’ என்கிறோமே!

ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது, விழாதீர்கள். ‘வயசு போன ஆக்கள்’ என்கிறோம். அதை நம்பி என் மனைவி வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளையிடம் ‘ஐ ஆம் கோயிங் ஓல்ட்’ என்று சொல்லி, அவன் ‘வேர் இஸ் ஓல்ட், அம்மம்மா?’ என்று கேட்டான். வயதுக்கு கெட் அல்லது க்ரோ. மயிர் நரைத்தால் மட்டும் ‘கோ க்ரே’. ஏன் என்று கேட்காதீர்கள்.

டியூஷன் அக்கா எழுதியது:

ஐயாவுடையதை நாளைக்கு வகுப்பில் களவெடுக்கப் போகிறேன். இதே குடும்பத்தில் இன்னும் சிலர்: ஃபால் சிக், ஃபால் அஸ்லீப், ஃபால் சைலன்ட். ரன் ட்ரை, ரன் ஷோர்ட், ரன் லோ. டேர்ன் பேல், டேர்ன் சவர். இவற்றில் சோடி மாறக் கூடாது. ‘கோ அஸ்லீப்’ இல்லை, ‘ஃபால் மேட்’ இல்லை. பெட்ரோல் வரிசைக் காலத்தில் ஒரு மாணவன் ‘பெட்ரோல் ஃபெல் ட்ரை’ என்று எழுதினான். பாவம், மூன்று நாள் வரிசையில் நின்றவன், மதிப்பெண் வெட்ட மனம் வரவில்லை.

சொல் வியாபாரி எழுதியது:

மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. சோடி என்று அக்கா சொன்னதைத்தான் மொழியியலாளர்களும் பிடித்துக்கொண்டார்கள். ஃபேர்த் என்ற ஆங்கிலேயர், 1920களில் லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர், ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்துத்தான் அறியலாம் என்று 1957-ல் எழுதினார். அவர் வழியில் வந்த ஹாலிடே 1966-ல் எடுத்த உதாரணம் என்ன தெரியுமா? தேநீர்! ‘ஸ்ட்ராங் டீ’ என்பார்கள், ‘பவர்ஃபுல் டீ’ என்பதில்லை. காருக்கு ‘பவர்ஃபுல்’ என்பார்கள். இரண்டு சொல்லுக்கும் பொருள் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் தேநீர் ஒன்றைத்தான் பக்கத்தில் விடுகிறது. அதே போல மழை ‘ஹெவி’, காற்று ‘ஸ்ட்ராங்’. நாம் இரண்டுக்கும் ‘பலத்த’ போடுவோம், அதனால் நம் பிள்ளைகள் ‘ஸ்ட்ராங் ரெய்ன்’ எழுதுவார்கள்.

நான் பேச நினைத்தது வேறு. இந்த இழையில் ஒருவரும் தொடாத பெரிய காடு ஒன்று இருக்கிறது: ஹேவ், டேக், கிவ், மேக். ஆங்கிலத்தை உண்மையில் பேசுகிறவர்கள் ‘லுக் குவிக்லி’ என்று சொல்வது குறைவு. ‘ஹேவ் எ குவிக் லுக்’ என்பார்கள். ‘பிரீத் டீப்லி’ என்பதைவிட ‘டேக் எ டீப் பிரெத்’. ‘வோஷ் இட் வெல்’ என்பதைவிட ‘கிவ் இட் எ குட் வோஷ்’. என்ன நடக்கிறது பாருங்கள். வினையைப் பெயராக்கி, ஒரு எடை குறைந்த வினையை முன்னால் நிறுத்தி, வினையடை இருந்த இடத்தில் பெயரடையைக் கொண்டுவந்துவிட்டார்கள். லி தொலைந்தது. ஜெஸ்பெர்சன் என்ற டென்மார்க்காரர் இந்த வினைகளுக்கு ‘லைட் வேர்ப்’ என்று பெயர் வைத்தார்.

நமக்கு இது புதிது இல்லை. ‘நல்லா நித்திரை கொண்டேன்’ என்றும் சொல்கிறோம், ‘நல்ல நித்திரை’ என்றும் சொல்கிறோம். ‘ஒரு குளியல் போட்டுட்டு வாறன்’ என்கிறோம். ‘ஒரு முறை முறைச்சான் பார்’ என்கிறோம். இந்தக் கதவு நம் வீட்டிலும் உண்டு. ஆங்கிலம் பேசும்போதுதான் அதைத் திறக்க மறக்கிறோம்.

ஒரு ஆலோசனை: லி போடுவதா வேண்டாமா என்று தடுமாறினால், வசனத்தை ஹேவ் எ, டேக் எ, கிவ் எ என்று மாற்றிவிடுங்கள். கேள்வியே எழாது.

கொட்டாஞ்சேனையான் எழுதியது:

அங்கேயும் குழி இருக்கிறது ஐயா. ‘டக்கெண்டு ஒரு கோல் எடுக்கிறன்’ என்பதை ‘ஐ வில் டேக் யூ எ குவிக் கோல்’ என்று சொல்லிவிட்டேன். டேக் எ கோல் என்றால் வருகிற அழைப்பை எடுப்பதாம். ‘பெரிய பிழை விட்டுட்டன்’ என்பதற்கு ‘டிட் எ பிக் மிஸ்டேக்’. மேக் என்று சொல்ல வேண்டுமாம். பெயரடை சரியாக வந்தது, வினை காலை வாரிவிட்டது.

ஹட்டன் பிள்ளை எழுதியது:

எங்கள் கடை வாசலில் ஒரு அட்டை தொங்குகிறது. ஒரு பக்கம் ‘ஓபன்’, மறுபக்கம் ‘க்ளோஸ்ட்’. முதலாளி ஞாயிற்றுக்கிழமைக்குத் தன் கையாலே ‘வீ ஆர் க்ளோஸ் ஆன் சண்டே’ என்று எழுதி ஒட்டினார். ஒரு வெள்ளைக்காரப் பயணி படம் எடுத்துக்கொண்டு போனார். ‘க்ளோஸ்ட்’ சரி என்றால் ‘ஓபன்ட்’ ஏன் பிழை? இரண்டும் ஒரே கதவுதானே.

டியூஷன் அக்கா எழுதியது:

‘கடை திறந்திருக்கு’, ‘கடை பூட்டியிருக்கு’. தமிழில் இரண்டுமே வினையில் இருந்து வந்தவை, அதனால் ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ‘ட்’ தேடுகிறோம். அங்கே ‘ஓபன்’ பிறவிப் பெயரடை, வால் தேவையில்லை. ‘கடை இஸ் ஓபன்ட்’ என்றால் திறப்பு விழா நடக்கிறது போல. மூடுவதற்கு அப்படி ஒரு பிறவிப் பெயரடை இல்லை, ஆகவே வினையில் இருந்து ‘க்ளோஸ்ட்’. வால் இல்லாத ‘க்ளோஸ்’ இருக்கிறது, ஆனால் அதற்கு அர்த்தம் நெருக்கம். உங்கள் முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நெருக்கமாக இருப்போம் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்.

ஹட்டன் பிள்ளை எழுதியது:

ஐயோ. நாளைக்கே கழற்றுகிறேன். முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

வடலி எழுதியது:

இன்னொரு ‘ஆ’வையும் சேர்க்க வேண்டும். ‘எனக்கு போரிங்கா இருக்கு.’ ஆங்கிலப் பெயரடையைத் தூக்கி, நம் ‘ஆ’வை ஒட்டி, ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் வைக்கிறோம். தமிழாக அதில் குறையே இல்லை, சலிப்பு எனக்கு வந்து சேர்கிறது. அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது ‘எனக்கு’ போய் ‘ஐ’ ஆகிறது: ‘ஐ ஆம் போரிங்.’ நான் ஒரு அறுவை என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி. ‘ஐ ஆம் டென்ஷன்’ என்பதும் இப்படி வந்ததுதான்.

மருதானைப் பக்கம் எழுதியது:

‘எனக்கு லேட் ஆகுது’ = ‘ஐ ஆம் கெட்டிங் லேட்’. கொழும்பில் மூன்று இனமும் இதைத்தான் சொல்கிறது, நாட்டு ஒற்றுமைக்கு இது போதும். லண்டனில் ‘இட்ஸ் கெட்டிங் லேட்’ என்று நேரத்தின்மேல் போடுகிறார்கள்.

ஆனால் எனக்கு ஒரு கோபம் உண்டு, கொட்டிவிடுகிறேன். ‘ட்ரைவ் சேஃப்’ என்று என் மகளுக்கு அனுப்பினேன், அவளுடைய வகுப்பு ஆசிரியர் ‘சேஃப்லி’ என்று சொல்லிக்கொடுத்தாராம். என்னைத் திருத்துகிறாள். ‘திங்க் டிஃபரன்ட்’ என்று ஆப்பிள் கம்பெனி 1997-ல் உலகம் முழுக்க விளம்பரம் செய்தது. ‘கோ ஸ்லோ’ என்று வீதிப் பலகை இருக்கிறது. அவர்கள் செய்தால் சரி, நாங்கள் செய்தால் பிழையா?

டியூஷன் அக்கா எழுதியது:

பிழை என்றுதான் நானும் சொல்லிக்கொடுக்கிறேன்.

சொல் வியாபாரி எழுதியது:

அக்கா, அது கொஞ்சம் கடுமை. ஸ்லோ, ஃபாஸ்ட், ஹார்ட், லேட் எல்லாம் லி இல்லாமலே பல நூறு வருடமாக வினையடையாக ஓடுகின்றன. ஆங்கிலத்தில் பழைய வினையடைகளுக்குக் கடைசியில் ஒரு சின்ன உயிரெழுத்து இருந்தது, அது தேய்ந்து போனதும் பெயரடையும் வினையடையும் ஒரே முகமாகிவிட்டன. லி போடுவதே சரி என்ற கண்டிப்பு பிற்கால இலக்கண ஆசிரியர்கள் கொண்டுவந்தது. ‘ட்ரைவ் சேஃப்’ பேச்சு வழக்கு, அவ்வளவுதான்.

டியூஷன் அக்கா எழுதியது:

சரி, பாதி இறங்கி வருகிறேன். நண்பருக்கு அனுப்பும் செய்தியில் ‘ட்ரைவ் சேஃப்’ எழுதலாம். ‘கெட் ஹோம் சேஃப்’ என்றால் நூற்றுக்கு நூறு சரி, ஏனென்றால் பத்திரம் போகிறவருடையது. தேர்வுத் தாளில் மட்டும் லி போடட்டும், திருத்துகிறவர் ஆப்பிள் விளம்பரம் பார்த்தவராக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மருதானை நானா, மகளை ஏச வேண்டாம்.

மருதானைப் பக்கம் எழுதியது:

ஏசவில்லை மிஸ். ‘கெட் ஹோம் சேஃப்’ என்று இப்போதே அனுப்புகிறேன். இதில் அவள் கை வைக்கட்டும் பார்ப்போம்.

தேயிலைக் கணக்கன் எழுதியது:

இன்று அதே வாங்குநருக்கு அடுத்த மாதிரிப் பொதி போகிறது. இப்படி எழுதியிருக்கிறேன் (‘லிக்கர்’ என்றால் எங்கள் தொழிலில் ஊற்றி எடுத்த தேத்தண்ணி), அனுப்பும் முன் பார்த்துச் சொல்லுங்கள்: ‘த லிக்கர் லுக்ஸ் பிரைட் அண்ட் டேஸ்ட்ஸ் பிரிஸ்க். ப்ளீஸ் கீப் த பேக்கட் டைட்லி க்ளோஸ்ட், ஓர் இட் வில் கோ ஃபிளாட்.’ அந்த ‘டைட்லி’யில்தான் கை நடுங்குகிறது. டைட்டா, டைட்லியா?

டியூஷன் அக்கா எழுதியது:

அங்கே லி சரி. இறுக்கம் பொதியினுடையது இல்லை, மூடியிருக்கிற விதத்தினுடையது. ‘ஷட் இட் டைட்’ என்று எழுதியிருந்தால் லி வேண்டாம். அனுப்புங்கள்.

கொட்டாஞ்சேனையான் எழுதியது:

போன முறை தேயிலைக்கு நாக்கு இருந்தது. இந்த முறை ‘லுக்ஸ்’ என்று கண்ணும் வைத்துவிட்டீர்களே?

தேயிலைக் கணக்கன் எழுதியது:

பகிடி விடாதீர்கள், அனுப்பிவிட்டேன். அண்ணா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, உறிஞ்சிக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினார்.